நெடுந்தீவுக் குதிரைகள்: பாலை நிலத்தில் விட்டுச்செல்லப்பட்ட ஒரு வரலாறு

கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையாரின் மகன், குடும்பத்துடன் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்துக்குச் சென்று, அங்குள்ள தியடோர் ரூஸ்வெல்ட் தேசிய பூங்காவைப் பார்த்துவந்து எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். சிவப்பும் சாம்பலும் மஞ்சளும் வரிவரியாகப் படிந்த களிமண் குன்றுகள், அவற்றின் அடியில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, புல்வெளியில் காட்டெருதுகள், அவற்றுக்கும் அப்பால் கூட்டமாக நிற்கும் குதிரைகள் எனப் பல படங்களை இணைத்திருந்தான். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: "மாமா, இப்பிடி வறண்ட நிலமும் காட்டுக் குதிரையும் சேர்ந்த இடம் எங்கட நாட்டிலை எங்கையாவது இருக்கோ?"

இருக்கிறது. அது நெடுந்தீவு. 2015ஆம் ஆண்டு முதல் அத்தீவின் ஒரு பகுதியும் தேசிய பூங்காவாகும். ஆனால் புலம்பெயர்ந்து வாழும் இளந்தலைமுறையினருக்கு டக்கோட்டாவின் குதிரைகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு நெடுந்தீவின் குதிரைகளைப் பற்றித் தெரியவில்லை. அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதனை ஒழுங்குபடுத்தி, மேலும் சில செய்திகளைச் சேர்த்து இங்கே தருகின்றேன்.

பாலை என்னும் பருவம்

நான் வாழும் ஊர் திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்று. பாலை மரமும் நீரூற்றும் சேர்ந்தே இவ்வூர்ப் பெயர் அமைந்திருத்தல் வேண்டும். ஈழத்தின் உலர்வலயக் காடுகளில் முதிரைக்கும் வீரைக்கும் பக்கத்தில் ஓங்கி நிற்கும் மரம் பாலை. அதன் மஞ்சள் நிறப் பழத்தைத் தின்றவர்கள் உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும் அனுபவத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடும் வெயிலிலும் இலை உதிராமல் நிற்பது அம்மரத்தின் இயல்பு.

மரத்தின் பெயரே நிலத்தின் பெயராகவும் பழந்தமிழில் வழங்கியது. ஐவகை நிலங்களுள் பாலைக்கு மட்டும் தனியாக நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து, தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது இடத்தைக் காட்டிலும் காலத்தைச் சார்ந்தது. இந்த விளக்கத்தின் ஆழத்தை நான் விளங்கிக்கொண்டது நெடுந்தீவில்தான். மார்கழியில் அங்கு சென்றவர் முல்லையைக் காண்பார். ஆவணியில் சென்றவர் பாலையைக் காண்பார். நிலம் ஒன்றுதான்.

திருகோணமலை மாவட்டத்திலும் தேசிய பூங்கா உண்டு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் கடலில் நிற்கும் புறாமலைத் தீவுகள் 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களும் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளும் அதன் சிறப்பு. அதைவிட, நகருக்குள்ளேயே நாம் நாள்தோறும் காணும் காட்டு விலங்கு ஒன்று உண்டு. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரை வெளியிலும் கடைத்தெருவிலும் திரியும் புள்ளிமான்கள் அவை. கோணேசர் கோவிலுக்குப் போகும் அடியார்கள் அவற்றுக்குப் பழம் கொடுக்கின்றனர். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கின்றனர். இரவில் அவை குப்பைத் தொட்டியைக் கிளறிப் பொலித்தீன் பையைத் தின்கின்றன. காட்டிலும் இல்லை, பட்டியிலும் இல்லை என்ற நிலையில் வாழும் விலங்குகளுக்கு நேரும் கதி அது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி எழுதும்போது எங்கள் ஊர் மான்களும் என் நினைவை விட்டு அகலவில்லை.

யானை போன வழி, குதிரை வந்த வழி

குதிரை நம் நாட்டு விலங்கு அன்று. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் அது கடல் வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பிற்காலப் பாண்டியரின் ஆட்சியில் அரபு நாட்டு வணிகர்கள் காயல் முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கொண்டுவந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, அக்குதிரைகளுள் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிருடன் எஞ்சின என்று வியந்து எழுதியுள்ளார். குதிரையைப் பேணும் முறை அறிந்தோர் இங்கு இல்லை என்றும், அதனை அறிந்தோர் இங்கு வந்து சேராதவாறு குதிரை வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறுகின்றார். இறந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்!

இந்த வணிகத்தின் ஈழத்துச் சான்று ஒன்று நெடுந்தீவுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டே அது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னன் வெளியிட்ட ஆணை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும் என்கிறது அந்த ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியது. ஏனைய சரக்குகளை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் அரைப்பங்கு பண்டாரத்துக்கு, அரைப்பங்கு உடையவனுக்கு. பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் இக்கல்வெட்டை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

சிங்கள மன்னன் தமிழில் வெளியிட்ட ஆணை என்ற வகையில் இக்கல்வெட்டு பலராலும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. நான் இங்கு கவனிக்க விரும்புவது வேறொன்று. யானைக்கும் குதிரைக்கும் மட்டும் மன்னன் வரிச்சலுகை கொடுக்கின்றான். போருக்கு வேண்டிய விலங்கு அல்லவா? அதனை ஏற்றிவரும் வணிகன் மறுமுறையும் துணிந்து வரவேண்டும். பாக்குநீரிணையின் இந்தத் தீவுகளுக்கிடையே யானை ஒரு பக்கமும் குதிரை மறுபக்கமுமாக நூற்றாண்டுக் கணக்கில் போய்வந்திருக்கின்றன. யானையிறவு என்னும் பெயரும் அந்த யானைப் போக்குவரத்தின் நினைவைச் சுமந்து நிற்கின்றது.

பசுத்தீவு, டெல்வ்ற், நெடுந்தீவு

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் 'பசுக்களின் தீவு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மேய்ச்சல் நிலம் என்ற நிலையில் அத்தீவு அப்போதே பெயர்பெற்றிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. முதல் இரண்டு பெயர்களும் வழக்கொழிந்தன. டெல்வ்ற் மட்டும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் நிலைத்திருக்கின்றது.

இத்தீவுகளில் குதிரைகளை முதலில் விட்டவர்கள் போர்த்துக்கேயர் என்பது பொதுவான கருத்து. அதனை முறையான இனப்பெருக்கத் தொழிலாக நடத்தியவர்கள் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் தலைவராக இருந்த ஹென்ட்றிக் சுவார்டகுறூன் 1697இல் தமக்குப் பின் வருவோருக்காக எழுதிவைத்த குறிப்பேட்டில், தீவுகளில் நடந்த குதிரை வளர்ப்பும் பேசப்படுகின்றது. மிளகு, கறுவா, யானை என்பவற்றின் வரிசையில் குதிரையும் கம்பனிக்கு ஒரு வாணிபப் பொருள்.

எதற்காக ஒரு தீவைத் தெரிந்தெடுத்தார்கள்? சிந்தித்தால் காரணம் விளங்கும். சுற்றிவரக் கடல் இருக்கும்போது வேலி தேவையில்லை. சிறுத்தை முதலிய கொல்விலங்குகள் இல்லை. காடு அடர்ந்து வளராத முருகைக்கல் நிலமாகையால் புல்வெளி விரிந்து கிடக்கின்றது. குதிரையைத் திருடிக் கொண்டுபோகவும் இயலாது. கம்பனிக்குச் செலவில்லாத பெருந்தொழுவம் அது. ஆனால் தீவுக்குள் அடைத்துவைத்த விலங்குக்கு வறட்சி வரும்போது வேறு நிலம் தேடிப் போகவும் வழியில்லை. வேலியாக நின்ற கடலே சிறையாகவும் ஆகின்றது. இன்றைய துன்பத்தின் வேர் அந்த நாளிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

பிரித்தானியர் 1795-96இல் ஈழத்தின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பின்னரும் குதிரை வளர்ப்புத் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஐரிஷ் இராணுவ அதிகாரி ஒருவர் பல ஆண்டுகள் தீவில் தங்கி அதனை மேற்பார்வை செய்தார். குறுநில மன்னர் போல அவர் அங்கே வாழ்ந்தார் என்று கதைகள் உண்டு. தீவு மனிதர் சிலரின் வெளிர் நிறக் கண்களுக்கு அவரைக் காரணம் காட்டிச் சிரிக்கும் வழக்கமும் இருந்தது. கதைகளை விட்டுவிடுவோம். தொழில் நிலைக்கவில்லை என்பதே வரலாறு. வறண்ட புல்லைத் தின்று வளர்ந்த குதிரைகள் தலைமுறை தலைமுறையாக உருவில் சிறுத்தன. இராணுவத்துக்கு வேண்டிய உயர்ந்த குதிரைகள் பின்னாளில் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தன. அதன்பின் நெடுந்தீவுக் குதிரையால் அரசுக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அதிகாரிகள் போனார்கள், குதிரைகள் நின்றன.

ஏகாதிபத்தியங்கள் விட்டுச்சென்றவை எனக் கோட்டைகளையும் தேவாலயங்களையும் சட்டப் புத்தகங்களையும் நாம் எண்ணிக் காட்டுவதுண்டு. உயிருள்ள விலங்குக் கூட்டமொன்றும் அப்பட்டியலில் உண்டு என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

ஆவணியில் ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் நெடுந்தீவுக்குச் சென்றேன். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம். அங்கிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை. பின் ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். கச்சான் காற்று ஓய்ந்திராத காலமாகையால் கடல் கொந்தளித்தது.

இந்தக் கடற்பாதையில் செல்லும் எந்தத் தமிழ்ப் பத்திரிகையாளனுக்கும் 1985 மே 15ஆம் நாள் நினைவுக்கு வராமற்போகாது. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் என உயிர்தப்பியோர் சாட்சியம் அளித்தனர். பயணம் செய்வதற்கு இந்தக் கடலைத் தவிர வேறு வழியில்லாத மக்களின் பாதையில் நிகழ்ந்த கொடுமை அது. போர்க்காலத்தில் தீவைவிட்டு வெளியேறியவர்களுள் பலர் திரும்பவில்லை. இன்று சில ஆயிரம் பேரே அங்கு வாழ்கின்றனர்.

மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவன கல்வேலிகள். சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் வீட்டு வளவுகளையும் தோட்டங்களையும் பிரிக்கின்றன. பனைகள் இல்லாவிட்டால் அயலூர் என்றே தோன்றாது. தீவின் வடபகுதியில் மக்கள் குடியிருப்பு. அங்கேயே ஆபிரிக்காவுக்குரிய பெருக்குமரம் ஒன்றும், ஒல்லாந்தர் கோட்டை என அழைக்கப்படும் இடிபாடும், தூதுப் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூட்டுக் கோபுரமும், குதிரை லாயத்தின் எஞ்சிய தூண்களும் உள்ளன.

தெற்கே போகப் போக வீடுகள் குறைகின்றன, பனைகளும் குறைகின்றன. பிறகு வெறும் வெளி. டக்கோட்டாவில் உள்ளவை போன்ற வண்ணக் குன்றுகள் இங்கில்லை. நெடுந்தீவு தட்டையானது. ஆனால் மண் போர்வை மிக மெல்லியதாகி, வெள்ளைக் கல் எலும்பைப் போல வெளியே தெரியும் அந்த நிலத்துக்கும் ஒரு கடுமை உண்டு. நான் சென்ற நாளில் புல் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. குதிரைகளை முதலில் தொலைவிற் கண்டேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். பழுப்பு நிறம், சில கறுப்பு. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள். அண்மித்தபோது விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. எங்களைக் கண்டு ஓடவில்லை. சற்றே விலகி நின்று பார்த்தன. பின் மீண்டும் தலைகுனிந்து மேயத் தொடங்கின. அந்த வெளியில் மேய்வதற்கு என்ன இருந்தது என்பதே எனக்கு விளங்கவில்லை.

என்னை அழைத்துச் சென்ற முச்சக்கரவண்டி ஓட்டுநரிடம் இக்குதிரைகள் யாருடையவை என்று கேட்டேன். "மழை காலத்திலை உதுகள் ஆற்றையும் இல்லை, ஐயா. கோடை வந்தால் தண்ணி கேட்டு எங்கட படலைக்குத்தான் வருகுதுகள்" என்றார். சட்டம் படித்தவர்களும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே. எஞ்சிய மாதங்களில் தீவின் கேணிகளும் குட்டைகளும் ஒவ்வொன்றாக வற்றும். முருகைக்கல்லின் இடையே தங்கிநிற்கும் நன்னீர் மெல்லிய படலமாகவே கிடக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே வந்துவிடும். மனிதருக்குக் குடிநீர், மாட்டுக்கும் ஆட்டுக்கும் நீர், தோட்டத்துக்கு நீர், இவை எல்லாவற்றுக்கும் பிறகே குதிரையின் முறை. வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் இறந்து கிடந்த செய்திகள் நாளிதழ்களில் வந்ததுண்டு. தொட்டி கட்டி நீர் நிரப்பிய காலங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வறட்சியின்போதும் புதிதாகத் தொடங்கும் காரியமாகவே அது இருந்துவருகின்றது.

பூங்கா என்னும் கோடு

2015ஆம் ஆண்டில் வடமாகாணத்தில் சுண்டிக்குளம், மடு வீதி, இராமர் அணை ஆகியவற்றுடன் நெடுந்தீவின் தென்பகுதியும் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 1,800 ஹெக்டேயர். தீவு முழுவதும் சுமார் 50 சதுர கிலோமீற்றரே என்பதை நினைவிற்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் பூங்காவுக்குள் அடங்கிவிட்டது.

இலங்கையில் தேசிய பூங்கா என்பது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஒதுக்கிடம். அனுமதி பெற்றுச் சென்று விலங்குகளைப் பார்க்கலாம். கால்நடை மேய்க்கவோ விறகு எடுக்கவோ கூடாது. யாலையிலோ வில்பத்துவிலோ இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும். நெடுந்தீவில் அப்படியன்று. போர்த்துக்கேயர் 'பசுத்தீவு' எனப் பெயரிட்ட காலத்துக்கும் முன்பிருந்தே அவ்வெளி மக்களின் மேய்ச்சல் தரவை. குதிரை வந்தது அதன் பிறகு. பின்வந்த குதிரைக்காக முன்னிருந்த மாட்டை வெளியேற்றுவதா என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது.

இயற்கை அறிஞர் ஒருவர் வேறு விதமாகக் கேட்கலாம். குதிரை உள்நாட்டு வனவிலங்கே அல்லவே, அதற்கு ஏன் பாதுகாப்பு? இதுவும் நியாயமான கேள்விதான். பாக்குநீரிணையின் மறுகரையில் இதற்கொரு படிப்பினை உண்டு. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையில், வெளிமான்களைக் காப்பதற்கென 1967இல் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கும் மனிதரால் கைவிடப்பட்ட மட்டக்குதிரைகள் பெருகியுள்ளன. மான் மேயவேண்டிய புல்லைக் குதிரை மேய்ந்துவிடுகின்றது என்பது அங்குள்ள ஆய்வாளரின் கவலை. ஒரே நீரிணை, ஒரேவகைக் குதிரை. அக்கரையில் அது இடைஞ்சல், இக்கரையில் அது பூங்காவின் அடையாளம். நெடுந்தீவில் போட்டிக்கு வெளிமான் இல்லை என்பதே வேறுபாடு. அங்கு புல்லுக்குப் போட்டியிடுவது ஏழைக் குடியானவரின் மாடு.

டக்கோட்டாவின் வழி

இனி, மருமகன் பார்த்துவந்த பூங்காவுக்கு வருவோம். சின்ன மிசூரி ஆறு மென்மையான களிமண் படிவுகளை அரித்து உருவாக்கிய நிலம் அது. பயிர் செய்யவும் வண்டி ஓட்டவும் உதவாத இத்தகைய நிலத்தைக் 'கெட்ட நிலம்' எனப் பொருள்படும் சொல்லால் லக்கோட்டாப் பழங்குடியினரும் அழைத்தனர். பின்வந்த பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே அழைத்தனர். நம் முன்னோரின் பாலைக்கு இது தூரத்து உறவு.

1883இல் தியடோர் ரூஸ்வெல்ட் என்னும் இருபத்துநான்கு வயது நியூயோர்க் செல்வந்தர் அங்கு வந்த நோக்கம் பைசன் என்னும் காட்டெருதைச் சுடுவது. ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கு அப்போதே அருகிவிட்டது. பல நாட்கள் அலைந்த பின்னரே அவருக்கு ஒன்று கிடைத்தது. மறு ஆண்டு, 1884 பெப்ரவரி 14 அன்று, அவருடைய மனைவியும் தாயும் ஒரே நாளில் இறந்தனர். துயரத்துடன் அந்நிலத்துக்கே திரும்பிச் சென்று மாட்டுப்பண்ணை நடத்தினார். 1886-87 குளிர்காலத்தின் பனியில் அப்பகுதியின் மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. அளவுக்கு மீறி மேய்த்த நிலத்தில் வந்த அழிவு அது. 1901இல் அமெரிக்க ஜனாதிபதியான அவர், பெருமளவு நிலத்தைப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்ததற்கு அந்த ஆண்டுகளில் கண்ட காட்சிகளும் காரணம். அவரது பெயரால் 1947இல் நினைவுப் பூங்கா அமைந்தது. 1978இல் அது தேசிய பூங்கா ஆயிற்று. அற்றுப்போயிருந்த பைசன்களை 1956இல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டனர்.

அங்குள்ள குதிரைகளின் கதைதான் நமக்கு வேண்டியது. அவையும் பழங்குடியினரும் பண்ணையாளரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள். பூங்காவுக்கு வேலி போட்டபோது அதற்குள் அகப்பட்டுக்கொண்டவை. தொடக்கத்தில் நிர்வாகம் அவற்றை அகற்ற முயன்றது. 1970இல் கொள்கை மாறி, அந்நிலத்தின் வரலாற்றுக் காட்சியின் ஓர் அங்கமாகக் குதிரைகளை ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டின் பின், 2022இல், அவை உள்நாட்டு விலங்குகள் அல்ல என்ற காரணத்தைக் காட்டி மீண்டும் அகற்றும் யோசனையை முன்வைத்தது. ஏறத்தாழ இருநூறு குதிரைகள். பொதுமக்களும் மாநிலச் சட்டமன்றமும் எதிர்த்தன. 2024 ஏப்ரலில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அமெரிக்கர்களின் முடிவு சரியா பிழையா என்பதைவிட, அம்முடிவை எட்டிய முறையே நமக்குப் பாடம். அங்கே குதிரைகளை எண்ணிக் கணக்கு வைத்திருந்தனர். எவ்வளவு புல் உண்டு, எத்தனை விலங்கைத் தாங்கும் என்று அளந்திருந்தனர். எண்ணிக்கை மிகும்போது சிலவற்றைப் பிடித்து விற்றும், பெட்டைக் குதிரைகளுக்குக் கருத்தடை மருந்து செலுத்தியும் கட்டுப்படுத்தினர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரவரிடம் கருத்துக் கேட்டனர்.

செய்ய வேண்டியது

நெடுந்தீவில் கோடு மட்டும் போடப்பட்டது. நான் வலியுறுத்த விரும்புவது இதுவே. கோட்டுக்கு உள்ளே நின்றால் வனவிலங்கு, வெளியே வந்தால் கட்டாக்காலி என்று ஒரே குதிரைக்கு இரண்டு பெயர் சூட்டுவதால் அதற்குத் தாகம் தீராது. காட்டு விலங்கு என்பதும் வீட்டு விலங்கு என்பதும் நமது சட்டப் புத்தகத்தில் உள்ள இரு பெட்டிகள். நெடுந்தீவுக் குதிரை இரண்டிலும் அடங்காது. எங்கள் திருகோணமலை மானும் அடங்காது. அவை வரலாற்றின் விலங்குகள். மனிதன் தன் தேவைக்காகக் கொண்டுவந்து அல்லது அடைத்துவைத்து, தேவை முடிந்ததும் கைகழுவிய உயிர்கள். கொண்டுவந்தவன் போர்த்துக்கேயனோ ஒல்லாந்தனோ, இன்று அவனைத் தேடிப் பயனில்லை. அவனுடைய கோட்டையைத் தொல்பொருள் என்று பொறுப்பேற்ற அரசு, அவனுடைய குதிரையையும் பொறுப்பேற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆண்டுக்கொரு முறை குதிரைகளையும் மாடுகளையும் சேர்த்து எண்ணுதல். மழைநீரைத் தேக்கும் பழைய கேணிகளைத் தூர்வாரி, கோடைக்கு முன்பே நீர்த்தொட்டிகளை ஆயத்தமாக வைத்தல். தீவுக்குப் போய்வரக்கூடிய மிருக வைத்தியர் ஒருவரை நியமித்தல். பூங்காவின் எல்லைக்குள் எந்தெந்த மாதங்களில் ஊர் மாடுகள் மேயலாம் என்பதைத் தீவு மக்களுடன் இருந்து பேசி முடிவுசெய்தல். பாலை என்பது பருவம் என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த மேய்ச்சல் முறைகள் அம்மக்களிடம் ஏற்கெனவே உண்டு. வனசீவராசிகள் திணைக்களம் அவர்களிடம் கேட்டறிந்தால் போதும்.

வெளிநாடுகளில் வாழும் நெடுந்தீவு மக்கள் ஊர்ச் சங்கங்களின் மூலம் பாடசாலைகளுக்கும் ஆலயங்களுக்கும் உதவிவருகின்றனர். அவ்வுதவியில் ஒரு சிறு பகுதி கேணிகளைத் தூர்வாருவதற்குச் செல்லுமானால் மனிதரும் மாடும் குதிரையும் ஒருங்கே பயன்பெறுவர். அடுத்த கோடையில் தாயகம் வர எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: யாழ்ப்பாணம் வந்தால் ஒரு நாளை ஒதுக்கிக் குறிகட்டுவானில் படகேறுங்கள். தை மாதத்தில் போனால் பச்சைப் புல்லில் குட்டிகளுடன் குதிரைகளைக் காணலாம், படத்துக்கு அழகாயிருக்கும். ஆவணியிலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். அப்போதுதான் அத்தீவின் உண்மை நிலை தெரியவரும்.